உதிர்ந்த மான் கொம்பு

உதிர்ந்த மான் கொம்பு என்பது மான் குடும்பத்தைச் சேர்ந்த ஆண் விலங்குகளின் தலையில் வளர்ந்து, முற்றி, பின்னர் தானாகவே கழன்று விழும் எலும்பாலான கொம்பு ஆகும். தமிழ்நாட்டில் புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகிய மூன்றும் இவ்வாறு கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. வட அமெரிக்காவில் வாபிட்டி அல்லது எல்க் எனப்படும் பெரிய மானின் உதிர்ந்த கொம்புகளைத் தேடிச் சேகரிப்பதும், தூய்மைசெய்து வீட்டில் வைப்பதும் பரவலான பொழுதுபோக்காக உள்ளன. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. விலங்குக்கு எந்தத் தீங்கும் இழைக்காமல், காட்டுத் தரையில் கிடந்ததை எடுத்ததாகவே இருந்தாலும், அதனை உடைமையாக வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை. இதனை அறியாமல் சிக்கலில் மாட்டிக்கொள்வோர் பலர்.

மானும் கொம்பும்: சொற்குழப்பம்

தமிழில் "மான்" என்னும் சொல் இரு வேறு விலங்குக் குடும்பங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவை மான் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரலை, திருகுமான் என்றும் அழைக்கப்படும் வெளிமானும், நாற்கொம்பு மானும் ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. "கொம்பு" என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டு வகை உறுப்புகளையும் குறிக்கிறது. ஆனால் அவற்றின் அமைப்பு ஒன்றல்ல.

ஆடு, மாடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பு, நடுவில் எலும்புத் தண்டும் அதன்மேல் நகத்தையும் குளம்பையும் போன்ற கெரட்டின் உறையும் கொண்டது. அது கிளைப்பதில்லை, உதிர்வதும் இல்லை; வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புள்ளிமானின் கொம்போ முழுவதும் எலும்பு. அது கிளைக்கும், குறிப்பிட்ட காலத்தில் உதிரும், மீண்டும் முளைக்கும். எனவே யாரேனும் "உதிர்ந்த வெளிமான் கொம்பு" என்று ஒன்றைக் காட்டினால், அது இறந்த அல்லது கொல்லப்பட்ட விலங்கிலிருந்து வந்தது என்றே கொள்ளவேண்டும்.

இவ்விரு வகைகளையும் ஒரே இடத்தில் காண விரும்பும் மாணவர்களுக்குக் கோடியக்கரை ஏற்ற இடம். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரணியம் வழியாகத் தெற்கே சென்றால் அங்கு அடையலாம். 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில் வெளிமான்களும் புள்ளிமான்களும் வாழ்கின்றன. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும் இரண்டும் உள்ளன. திருகிய, கிளையற்ற கொம்பு வெளிமானுடையது. மூன்று முனைகளாகக் கிளைத்த கொம்பு புள்ளிமானுடையது.

புராணக் கதைகளிலும் மான் வருகிறது. தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியிலிருந்து எழுப்பி ஏவிய மானைச் சிவன் கையில் ஏந்திக்கொண்டதாகப் புராணக் கதை கூறும். சிவன் கையில் மான் ஏந்திய செப்புத் திருமேனிகள் பலவற்றில் அம்மானின் கொம்பு கிளையற்றதாக இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

வளர்ச்சியும் உதிர்வும்

ஆண் மானின் நெற்றியெலும்பில் இரண்டு நிலையான எலும்பு முளைகள் உள்ளன. கொம்பு இம்முளைகளின் நுனியிலிருந்தே வளர்கிறது. வளரும் காலத்தில் அதனை மெல்லிய, மென்மயிர் அடர்ந்த தோல் மூடியிருக்கும். இத்தோலில் குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்துள்ளன. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அடிபட்டால் குருதி வடியும். பாலூட்டிகளின் எலும்புகளில் மிக விரைவாக வளர்வது மான் கொம்பே. எல்க் போன்ற பெரிய மான்களில் அது ஒரு நாளில் 2 செ.மீ. வரை நீள்வதுண்டு. இதற்குத் தேவையான கால்சியம் முழுவதும் உணவிலிருந்து உடனே கிடைப்பதில்லை. மான் தன் விலா எலும்பு முதலியவற்றிலிருந்து தற்காலிகமாகக் கடன் வாங்கிக் கொம்புக்கு அனுப்புகிறது. பின்னர் உணவின் மூலம் அதனை ஈடுசெய்துகொள்கிறது.

ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனின் அளவு உயரும்போது கொம்பு கெட்டிப்படுகிறது. மேல்தோலுக்குக் குருதி செல்வது நின்று, தோல் காய்ந்து உரியத் தொடங்குகிறது. மான் தன் கொம்பை மரங்களிலும் புதர்களிலும் தேய்த்து அதனைக் களைகிறது. கெட்டியான கொம்பின் பழுப்பு நிறத்திற்கு ஒட்டியிருக்கும் குருதியும், தேய்த்த மரப்பட்டையின் சாறும் பெருமளவு காரணம். இந்நிலையில் கொம்பு உயிரற்ற எலும்பு. ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு கனிமம், எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம்.

இனப்பெருக்கப் பருவம் முடிந்து இயக்குநீரின் அளவு தாழ்ந்ததும், எலும்பு முளைக்கும் கொம்புக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியை எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் கரைத்துவிடுகின்றன. முதல் நாள் வரை சண்டைக்கு ஈடுகொடுத்த கொம்பு, மறுநாள் தலையை உதறும்போதோ கிளையில் பட்டோ கழன்று விழக்கூடும். இரண்டு கொம்புகளும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. சில மணி நேரமோ சில நாட்களோ இடைவெளி இருக்கும். ஆகவே ஒற்றைக் கொம்புடன் ஒரு மானைக் கண்டால் அது காயமுற்றது என்று உடனே முடிவுசெய்ய வேண்டியதில்லை. உதிர்ந்த இடத்தில் ஏற்படும் சிறு புண் விரைவில் ஆறி, அங்கிருந்தே புதிய கொம்பு முளைக்கிறது. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்ப்பதையும், காயடிக்கப்பட்ட மானில் இச்சுழற்சி நின்றுவிடுவதையும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார்.

குளிர் நாடுகளில் பகலின் நீளம் இச்சுழற்சியைக் கட்டுப்படுத்துவதால் ஒரு வட்டாரத்தின் ஆண் மான்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கொம்பை உதிர்க்கின்றன. புள்ளிமான்களில் இவ்வொழுங்கு தளர்ந்திருக்கும். ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்புடைய ஆண், மென்தோல் மூடிய கொம்புடைய ஆண், கொம்பே இல்லாத ஆண் ஆகிய மூன்றையும் ஆண்டின் எந்த மாதத்திலும் காண இயலும். கடமான் பெரும்பாலும் கோடை மாதங்களில் உதிர்க்கிறது.

கொம்பின் முனைகளை எண்ணி மானின் வயதைச் சொல்லலாம் என்பது பரவலான நம்பிக்கை. இது தவறு. வளர்ந்த புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பக்கத்துக்கு மூன்று முனைகளே இயல்பு. ஆண்டுக்கு ஒன்றாக அவை கூடுவதில்லை. உணவும் உடல்நலமும் கொம்பின் அளவைப் பெரிதும் மாற்றிவிடும். கடமானின் கொம்பு ஒரு மீட்டரையும் எட்டக்கூடும். கேளையாட்டின் கொம்போ பெரும்பாலும் 15 செ.மீ.க்குள் அடங்கிவிடும். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. பனிமானில் மட்டும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.

காட்டில் விழுந்த பின்

ஆண்டுதோறும் இத்தனை கொம்புகள் விழுந்தும் காடு ஏன் கொம்புகளால் நிரம்பிவிடவில்லை என்ற கேள்வி எழலாம். விடை எளியது: அவை உண்ணப்படுகின்றன. முள்ளம்பன்றிகள் கொம்புகளையும் எலும்புகளையும் தம் வளைக்கு இழுத்துச் சென்று கொறிக்கின்றன. இதனால் அவற்றுக்குக் கனிமமும் கிடைக்கிறது, தொடர்ந்து வளரும் முன்பற்களும் தேய்கின்றன. எலி, அணில் போன்ற கொறிணிகளும் கொம்பில் பல் பதிப்பதுண்டு. இலைதழை உண்ணும் மான்களே உதிர்ந்த கொம்பை வாயில் வைத்து மெல்லுவதும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் வளரும் புல்லை மேயும் விலங்குகளிடம் இப்பழக்கம் மிகுதியாகக் காணப்படும். எஞ்சியதை வெயிலும் மழையும் பாசியும் பூஞ்சையும் சிதைக்கின்றன. வெயில் பட்ட பக்கம் வெளுத்து நீளவாட்டில் வெடிக்கும். மண்ணில் படிந்த பக்கம் பச்சை படரும். ஒரு கூடை கொம்பைக் காட்டிலிருந்து அள்ளிச் செல்பவர் அந்தக் காட்டின் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்தே அள்ளிச் செல்கிறார்.

கடலூர் மாவட்டம் என்றதும் கடலும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும்தான் நினைவுக்கு வரும். ஆயினும் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வேப்பூரைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் மான்கள் உள்ளன. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வரும் மான்கள் வாகனங்களில் அடிபட்டு இறப்பதும் நாய்களால் கடிபடுவதும் உண்டு. இத்தகைய காடுகளை ஒட்டிய வயல்களிலும் வேலியோரங்களிலும் ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் கொம்பைக் காண நேர்வது இயல்பே.

உதிர்ந்ததா, வெட்டப்பட்டதா

முழுக் கொம்பு கையில் இருந்தால் இதனை அறிவது கடினமன்று. கொம்பின் அடியில் கரடுமுரடான எலும்பு வளையம் ஒன்று இருக்கும். தானே உதிர்ந்த கொம்பில் இவ்வளையத்துக்குக் கீழே எதுவும் இராது. அடிப்பரப்பு சற்றே குவிந்து, பொடிப்பொடியான முண்டுகளுடன் சொரசொரப்பாக இருக்கும். வளையத்துக்குக் கீழே எலும்பு முளையோ மண்டையோட்டின் துண்டோ ஒட்டியிருந்தால் அது இறந்த விலங்கினுடையது. அடி மட்டமாக, வாள் பட்ட கோடுகளுடன் இருந்தாலும் அவ்வாறே ஐயுற வேண்டும்.

ஆனால் கொம்பு துண்டுகளாக அறுக்கப்பட்டுக் கைப்பிடியாகவோ பொத்தானாகவோ மாறிய பின் இந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. உதிர்ந்த கொம்பு, கொன்று எடுத்த கொம்பு ஆகிய இரண்டிலிருந்தும் செய்த கைப்பிடிகளைப் பார்வையால் பிரிக்க முடியாது. எந்த இனத்தின் கொம்பு என்பதை மட்டும் மரபணுச் சோதனையால் கண்டறியலாம். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் ஆய்வகத்திலும் இத்தகைய சோதனைகள் செய்யப்படுகின்றன. எந்த இனம் என்பதைச் சோதனை சொல்லும். விலங்கு உயிரோடு இருந்ததா என்பதைச் சொல்லாது. சட்டம் கடுமையாக இருப்பதன் காரணம் இங்குதான் உள்ளது.

பயன்பாடும் வணிகமும்

கடமான் கொம்பு நடுவில் துளை குறைந்து கெட்டியாக இருப்பதால் கத்திக் கைப்பிடிக்குப் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரக் கத்தித் தொழிலுக்கு இந்தியாவிலிருந்து இது நெடுங்காலம் ஏற்றுமதியாயிற்று. காட்டில் பொறுக்கிய உதிர்ந்த கொம்பு என்ற பெயரிலேயே இவ்வணிகம் நடந்தது. 1990களின் இறுதியில் இந்திய அரசு உதிர்ந்த கொம்புகளின் ஏற்றுமதியையும் தடைசெய்தது. பொறுக்கிய கொம்பின் மறைவில் வேட்டையாடிய கொம்பும் கலந்து சென்றதைத் தடுக்க வேறு வழி இருக்கவில்லை.

சித்த மருத்துவத்தில் கலைமான் கொம்பைப் புடமிட்டுச் செய்யும் சிருங்கி பற்பம் மார்புவலி முதலியவற்றுக்குக் கூறப்பட்டுள்ளது. சிலம்பக் கலையில் "மான் கொம்பு" அல்லது "மடுவு" என்னும் படைக்கலம் உண்டு; இரு வெளிமான் கொம்புகளை எதிரெதிராக இணைத்து அதனைச் செய்தனர். தற்காலத்தில் மரத்திலும் உலோகத்திலும் அதே வடிவத்தில் செய்து பயில்கின்றனர். வீட்டு முகப்பில் கொம்பு மாட்டுவது ஜமீன் மாளிகைகளில் பெருமையின் அடையாளமாக இருந்தது. "அவனுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்னும் பேச்சு வழக்கும் கொம்பை மேன்மையோடு சேர்த்தே பார்க்கிறது.

இந்தியச் சட்டம்

1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலங்கின் உடற்பகுதியாகக் கருதப்படும் பொருட்களின் விளக்கத்தில் கொம்பு, எலும்பு, பல், நகம், இறகு முதலியவை பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளன. தானாக உதிர்ந்தது என்பதற்காக மான் கொம்புக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. மயில் தோகையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மயிலின் வால் இறகுக்கு உள்நாட்டில் சட்டம் வெளிப்படையாக விலக்களித்துள்ளது. கோயில் திருவிழாவில் மயிலிறகு விற்பவர் குற்றவாளி ஆகமாட்டார். அதே கடையில் மான் கொம்பை வைத்தால் ஆவார். "இரண்டும் தானே உதிர்பவைதானே" என்ற வாதம் பொது அறிவுக்குச் சரியாகத் தோன்றினாலும் சட்டத்தில் செல்லாது.

இச்சட்டத்தின் 39ஆம் பிரிவு இத்தகைய பொருட்களை அரசின் உடைமையாக்குகிறது. எவ்வழியிலேனும் அரசுடைமையான பொருள் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ அதனைத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்கவும் வேண்டும். அனுமதியின்றி வைத்திருப்பது, பிறருக்குக் கொடுப்பது, அழிப்பது, சேதப்படுத்துவது யாவும் தடைசெய்யப்பட்டவை. ஆகவே கண்டெடுத்த கொம்பைத் தேய்த்து மெருகேற்றுவதும் அறுத்துப் பார்ப்பதும் சிக்கலைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் எதனையும் அகற்றுவதற்குத் தனியே தடை உண்டு.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வெளிமான் போன்ற முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பானதெனில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கொம்பைக் காண நேர்ந்தவர் அதனைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். மண்டையோடு ஒட்டிய கொம்பு, அருகில் கம்பிச் சுருக்கு, தீ மூட்டிய தடம் ஆகியவை காணப்பட்டால் தெரிவிப்பது மிகவும் இன்றியமையாதது. அது வேட்டை நடந்த இடமாக இருக்கலாம்.

வட அமெரிக்காவில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஜாக்சன் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. அருகிலுள்ள தேசிய எல்க் புகலிடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆயிரக்கணக்கான எல்க் மான்கள் அங்கேயே கொம்பை உதிர்க்கின்றன. சாரணச் சிறுவர்கள் அனுமதியுடன் அவற்றைச் சேகரிக்க, 1968 முதல் மே மாதத்தில் பொது ஏலம் நடக்கிறது. வருவாயின் பெரும்பங்கு புகலிடத்துக்கே செல்கிறது. நகரச் சதுக்கத்தின் மூலைகளில் கொம்புகளாலான வளைவுகள் உள்ளன. முதல் வளைவு 1953இல் எழுப்பப்பட்டது.

அங்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. குளிர்கால இறுதியில் பட்டினியால் மெலிந்திருக்கும் மான்களைக் கொம்பு தேடுவோர் விரட்டி ஓடச்செய்வதால் அவை இறக்க நேரிடும். இதனால் வயோமிங் மாநிலத்தின் பெரும் பகுதியில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் இறுதி வரை சேகரிப்புக்குத் தடை உள்ளது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எப்போதுமே கொம்பை எடுத்துச் செல்லக் கூடாது.

தூய்மைசெய்தலும் பேணலும்

இந்தியாவில் இப்பணி அருங்காட்சியகங்கள், கல்லூரி விலங்கியல் துறைகள், வனத்துறை விளக்க மையங்கள், உரிமைச் சான்றிதழ் உள்ளவர்கள் ஆகியோருக்கே பொருந்தும்.

முதலில் கொம்பு கிடைத்த இடம், நாள், பல் தடங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். முள்ளம்பன்றியின் பல் தடம் அழுக்கன்று, அதுவும் ஒரு சான்று. உலர்ந்த மண்ணை மென்மயிர்த் தூரிகையால் துடைக்கலாம். போதாவிடில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியாலோ பல் துலக்கும் தூரிகையாலோ சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். ஊறவைத்தல் கூடாது, நீரில் ஊறிய கொம்பு காயும்போது வெடிக்கும். கொதிக்கவைத்தால் கொலாஜன் கரைந்து கொம்பு நொறுங்கும் தன்மை அடையும். வெளுக்கும் தூள் எலும்பை அரித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு மண்டையோட்டை வெண்மையாக்கப் பயன்படும். கொம்பில் பட்டால் அதன் இயற்கையான பழுப்பு நிறம் போய்விடும். பின்னர் காற்றோட்டமுள்ள நிழலில் நாட்கணக்கில் உலரவிட வேண்டும். வெயிலில் வைப்பதே பலரும் செய்யும் பிழை.

பொழுதுபோக்காகச் சேகரிக்கும் வெளிநாட்டினர் பளபளப்புக்காகத் தேன்மெழுகோ எண்ணெயோ தடவுவர். அருங்காட்சியகங்கள் எண்ணெயைத் தவிர்க்கின்றன. அது தூசியைப் பிடித்து நாளடைவில் மஞ்சளாகும், திரும்ப நீக்குவதும் கடினம். வெடித்து உதிரும் பரப்பை உறுதிப்படுத்த, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் பிசினை மெல்லியதாகப் பூசுவர். வேண்டும்போது அதனை மீண்டும் கரைத்து எடுத்துவிடலாம்.

பழைய வீடுகளிலுள்ள கொம்புகள்

பாட்டன் காலத்துக் கொம்பு சுவரில் தொங்கும் வீடுகள் இன்றும் உண்டு. சட்டம் வந்தபோதே அறிவிக்கப்பட்டு உரிமைச் சான்றிதழ் பெற்றவை இருக்கலாம். அறிவிக்கத் தவறியவர்களுக்கு 2003இல் 180 நாட்கள் கால அவகாசம் அளிக்கப்பட்டது, அது முடிந்துவிட்டது. சான்றிதழ் உள்ளவர் வைத்திருக்க விரும்பாவிட்டால், 2022 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 42அ பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு 7 வேலை நாட்கள் முன்னறிவிப்புத் தந்து ஒப்படைக்கலாம். இதற்கு இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லாத கொம்பைப் பெற்றவர், அதனை விற்கவோ குப்பையில் எறியவோ முயலாமல், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு வனத்துறையை அணுகுவது தக்கது.

பாடம் செய்யப்பட்ட தலையுடன் கூடிய கொம்பாக இருந்தால் வேறொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய பாடப் பொருட்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பு பூசுவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. அத்தகைய தலையைக் கையுறையும் முகக்கவசமும் இன்றித் தட்டித் தூசி துடைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கவும் கூடாது.